கஞ்சி கணக்கில் வராது

அந்தத் தராசுத் தட்டு தகரத்தால் ஆனது. பிரசவ வார்டில் பிள்ளையை அதில் வைத்தால் 'டங்' என்று ஒரு சத்தம் எழும். பக்கத்துக் கட்டில்காரிகளின் பிள்ளைகளுக்கெல்லாம் எழுந்தது. என் பிள்ளையை வைத்தபோது காய்ந்த வேப்பிலை விழுந்த மாதிரி ஒரு 'சரக்'. அவ்வளவுதான். நர்ஸ் முள்ளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "என்னம்மா, பாதிப் பிள்ளைதான் பெத்திருக்கே" என்றாள்.

நாற்பது வருஷம் ஆகப் போகிறது. இன்னும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

நீ கேட்டது வேறு. வீட்டில் யாருக்காவது கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதா என்று கேட்டாய். கதவைத் திறந்ததும் கேட்கிற கேள்வியா அது? சௌக்கியமா என்று கேட்கலாம், தண்ணீர் கிடைக்குமா என்று கேட்கலாம். உட்கார் அம்மா. பையைக் கீழே வை.

யாருக்கும் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பேன். அதற்குள் நீ விற்க வந்த சத்துமாவுப் பாக்கெட்டைக் காட்டிவிட்டாய். ஒன்பது தானியம், தவிடு நீக்காதது, ஈரல் கொழுப்புக்கு உகந்தது. பச்சை நிறத்தில் ஒரு ஈரல் படம் வேறு. சிரிக்கிறது. ஈரல் சிரித்து நான் பார்த்ததில்லை. அழுதும் பார்த்ததில்லை. அதுதானே அதன் குணம், கடைசிவரை வாயைத் திறக்காது.

இந்த முறுக்கை எடுத்துக்கொள். இந்த வெயிலில் எத்தனை மாடி ஏறி இறங்கியிருப்பாய். வேண்டாம் என்று சொல்லாதே, எனக்குப் பிடிக்காது. பேர் என்ன? இசக்கியம்மாளா? கம்பெனியில் வேறு பேர் வைத்திருப்பார்களே. ஐஸ்வர்யாவா? சரிதான். நான் இசக்கி என்றே கூப்பிடுகிறேன்.

கேள் இசக்கி. என் வீட்டுக்காரர் குடிப்பார். ஒளித்து மறைத்து இல்லை, பாளையங்கோட்டைக்கே தெரியும்படி குடிப்பார். எழுபத்தாறு வயதில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு மினி பஸ் தட்டிப் போய்ச் சேர்ந்தார். அறுத்துப் பார்த்த டாக்டர் என்னிடம் வந்து, "ஈரல் முப்பது வயசுக்காரனுக்கு இருக்கிற மாதிரி இருக்கும்மா" என்றார். ஆறுதலாம்! என் மருமகன் நெல்லையப்பன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பார். அவருக்கு நாற்பத்தாறு வயதில் ஈரல் சுருங்கிக் கட்டியாகிவிட்டது. கடவுள் என்கிற வாத்தியார் தாள்களைத் திருத்தும்போது தூங்கிவிழுந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு டயர் கம்பெனியில் வேலை. நாகர்கோவில், தூத்துக்குடி, ராஜபாளையம் என்று ஓடிக்கொண்டே இருப்பார். போகிற ஊரில் எல்லாம் பரோட்டா, நின்ற இடத்தில் எல்லாம் டீ, டீயில் மூன்று கரண்டிச் சீனி, தாகத்துக்குக் கலர் சோடா. வயிறு அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வரும். சில வருஷத்துக்கு முன்பே ஒரு டாக்டர் ஈரலில் கொழுப்பு, கிரேடு ஒன்று, எடையைக் குறையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மனுஷன் முதல் வகுப்பில் தேறியவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தார். வலித்தால்தானே பயம் வரும்? அது வலிக்கவே இல்லை.

பிறகு ஒரு நாள் வயிறு குடமாக வீங்கியது, கண் மஞ்சளாகியது, ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறவர்கள் கட்டிலுக்கு அருகில் குனிந்து மோப்பம் பிடிப்பார்கள். "குடிப்பாரோ?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்பார்கள். "பரோட்டா குடிப்பார்" என்பேன்.

மதுரையில் பெரிய டாக்டர் சொன்னார், ஈரலை மாற்ற வேண்டும். இறந்தவர்கள் ஈரலுக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கலாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இல்லையென்றால் உறவில் ஒருவர் தன் ஈரலில் ஒரு பங்கைக் கொடுக்கலாம். நெல்லையப்பன் ஒரே பிள்ளை. அவர் அம்மா பிரமநாயகிக்கு வயது கடந்துவிட்டது, சர்க்கரை வேறு. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மகள் வடிவு கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குமே, அப்படி.

"நான் குடுக்கேன்" என்றாள்.

நான் தடுத்தேனா? ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லது என்றேன். டாக்டரிடம் சந்தேகம் மட்டும் கேட்டேன். பாதிக்கு மேல் எடுப்பார்களாம். சில மாதத்தில் வளர்ந்துவிடுமாம். பல்லிக்கு வால் வளரும், வாழைக்குத் தூர் வளரும், ஈரல் வளரும் என்று நான் கல்லூரியில் படித்த எந்தப் பாட்டிலும் இல்லை. "வளராட்டா டாக்டர்?" என்றேன். மேசைக்கு அடியில் வடிவு என் காலை மிதித்தாள். டாக்டர் சிரித்தார். "வளரும்மா." சிரிக்கிற டாக்டரை நான் நம்புவதில்லை. அன்றைக்கு நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

ரத்தம் பொருந்தியது. வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். அங்கேதான் இடித்தது. வடிவுக்கும் ஈரலில் கொழுப்பு. புருஷன் பெண்டாட்டி ஒற்றுமை என்றால் அப்படி. இந்தக் கொழுப்போடு எடுத்தால் கொடுக்கிறவளுக்கும் ஆபத்து, வாங்குகிறவருக்கும் உபயோகம் இல்லை என்றார் டாக்டர். ஆறு வாரம் தந்தார். எடை குறைந்தால் ஈரல் கொழுப்பும் குறையும், அது திரும்பிச் சரியாகிற நிலையில்தான் இருக்கிறது, பிறகு மறுபடி ஸ்கேன், சரியாக இருந்தால் ஆனியிலேயே ஆபரேஷன் என்றார். "இவருக்கு ரொம்ப நாள் தாங்காது, மனசுல வச்சுக்கோங்க" என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் நெல்லையப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தார். மஞ்சள் கண்ணோடு. "அத்தை, பத்துப் பொருத்தம் பாத்துக் கட்டி வச்சீங்க. ஈரல் பொருத்தம் பாக்காம விட்டுட்டீங்களே."

நல்ல மனுஷன். ஒரு குறை சொல்ல முடியாது.

அதே ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனைக்கு ஒரு பெண் இருந்தாள். ஷெர்லின் என்று பேர், நாசரேத் பக்கம். மேசை நிறைய பிளாஸ்டிக் சாமான். பிளாஸ்டிக் இட்லி, பிளாஸ்டிக் வாழைப்பழம், பிளாஸ்டிக் கோழிக்கால். கொலு வைத்த மாதிரி இருந்தது. வடிவைப் பார்த்து, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

நான்தான் சொன்னேன். "ஒரு தடவைதான்."

"ஒரு தடவையா?"

"ஆமா. மத்தியானம் சாப்பாடு. காலையில டிபன். ராத்திரி டிபன்."

"சாயங்காலம்?"

"ஒண்ணும் கிடையாது. காபியோட ஒரு வடை, பஜ்ஜி, ஏதாவது இருந்தா."

ஷெர்லின் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை விரதத்தையும் சொல்லிவைத்தேன், பிள்ளை கட்டுப்பாடானவள் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? "வெள்ளிக்கிழமை சோறே தொட மாட்டா." "அப்ப என்ன சாப்பிடுவாங்க?" "தோசைதான். ஆறோ ஏழோ. சாமிக்குப் படைச்ச கேசரி." அந்தப் பெண் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். சோறு சாப்பிடாவிட்டால் சாப்பிடவில்லை என்றுதானே அர்த்தம்? நம் ஊரில் கல்யாண வீட்டில் பத்து இட்லி தின்றுவிட்டு எழுந்தவரையும், "சாப்பிடாமப் போறீகளே" என்றுதானே கேட்கிறோம். அவர்கள் படிப்பில் இது இல்லை போலிருக்கிறது.

அவள் சொன்னதை எல்லாம் மனப்பாடமாகச் சொல்லுவேன். சீனி வேண்டாம். மைதா வேண்டாம். பொரித்தது வேண்டாம். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ, கால் பங்கு மட்டும் தானியம். அதுவும் தீட்டின அரிசிக்குப் பதிலாகக் கம்பு, குதிரைவாலி, முழுக் கோதுமை. தினமும் வேகமாக நடக்க வேண்டும். கருப்பட்டியும் சர்க்கரைதானாம்! உடன்குடிக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு ஒரு பெண் கருப்பட்டியைச் சர்க்கரை என்கிறாள். பனைமரம் கேட்டால் தலையில் விழும்.

"சத்துமாவுக் கஞ்சி குடிக்கலாமா?" என்று கேட்டேன்.

"குடிக்கலாம்மா. இனிப்பு போடாம, ஒரு டம்ளர், காலை டிபனுக்குப் பதிலா. சத்துமாவு கொழுப்பைக் கரைச்சிராது, மத்தது குறைஞ்சாத்தான் அது உதவும்."

குடிக்கலாம் என்றாள். நீ கேட்டுக்கொள். அவள் வாயால் சொன்னாள். பின்னால் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டபோது நான் இதைத்தான் சொன்னேன். குடிக்கலாம் என்று சொன்னாளா இல்லையா?

ஏன் முறுக்கை அப்படியே வைத்திருக்கிறாய்? பல் வலியா? இரு, அதிரசம் இருக்கிறது, மெதுவாக இருக்கும்.

பிரமநாயகி தன் மகனைப் பார்த்துக்கொண்டாள். அவருக்கு உப்பில்லாத பத்தியம். வடிவுக்கு வேறு பத்தியம். ஒரே அடுப்பில் இரண்டும் எதற்கு என்று நான்தான் சொல்லி இவளை இங்கே அழைத்துவந்தேன். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுப் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவோமே, வடிவுக்கு அந்தப் பாக்கியம் அமையவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் ஒரு காரணம் வந்தது. கார் வைத்துக் கூட்டிவந்தேன். வாசலில் ஆரத்தி எடுத்தேன்.

"அம்மா, இது என்ன கூத்து?" என்றாள்.

"கத்திக்குப் போற பிள்ளை. சும்மா உள்ள வரக் கூடாது."

பேறுகாலத்துக்கு வந்த பிள்ளைக்குத் தாய் என்ன செய்வாள்? உடம்பில் சத்து ஏற்றுவாள். இதிலும் வயிற்றைத்தான் கிழிக்கப் போகிறார்கள். பேறுகாலத்திலாவது ஒரு பிள்ளை கையில் வரும். இதில் எடுத்துக்கொண்டுதான் போவார்கள். அப்போது எத்தனை பங்கு சத்து வேண்டும், நீயே சொல்.

மாவை நானே செய்தேன். கம்பு வறுபடும்போது தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம் வரும். சோளம் அதட்டும். கேழ்வரகு சத்தமே போடாது, வாசனை வந்தால்தான் தெரியும். பச்சை வாடை போக ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி நெய். கோதுமை, பயறு, பொட்டுக்கடலை, முந்திரி, பாதாம், ஏலக்காய். மில்லில் அரைத்துச் சூடாக வந்த மாவை ஆற வைத்தால் தெருவே திரும்பிப் பார்த்தது. உன் பாக்கெட் மாதிரி ஒன்றையும் கடையில் வாங்கி அதில் கலந்தேன். மருந்து இரண்டு பங்கானால் நோய் பாதியாகும் இல்லையா? பாலில்தான் காய்ச்ச வேண்டும், தண்ணீரில் காய்ச்சினால் உடம்பில் ஒட்டாது. கருப்பட்டி ஒரு கட்டிதான். பெரிய கட்டி இல்லை.

காலையில் ஒரு செம்புக் கஞ்சி. பிறகு டிபன்.

"அம்மா, கஞ்சி டிபனுக்குப் பதிலான்னுதானே அந்தப் பொண்ணு சொன்னா?" என்பாள்.

"கஞ்சி மருந்துட்டி. மருந்தைக் குடிச்சிட்டு யாராவது பட்டினி கிடப்பாங்களா? மாத்திரை போட்டா சாப்பிடாம இருப்பியா?"

தட்டை முன்னால் இழுத்துக்கொள்வாள். கேழ்வரகு இட்லி நாலே நாலு வைப்பேன். மத்தியானம் சோறு கிடையாது, குதிரைவாலிதான். கடைசியில் ரசத்துக்கு ஒரு கைப்பிடி அரிசிச்சோறு. அதுகூட இல்லாமல் எழுந்தால் வயிறு சபிக்கும். சாயங்காலம் கம்பு அடை. படுக்கப்போகும் முன் மறுபடியும் கஞ்சி. மைதா இல்லை, சீனி இல்லை, பரோட்டா இல்லை, எண்ணெயில் பொரித்தது இல்லை. ஷெர்லின் சொன்னதில் எதை நான் மீறினேன்?

நடக்கவும் போனாள். முதல் நாள் தெப்பக்குளத்தைச் சுற்றி வந்தாள், காலில் கொப்புளம். அடுத்த நாள் ஒரு நாய் பின்னாலேயே வந்ததாம். கத்திக்குப் போகிற பிள்ளையை நாய் கடித்தால் யார் பொறுப்பு? கோவிலுக்குள் மூன்று சுற்றுச் சுற்றினால் போதும் என்றேன். அங்கே அர்ச்சகர் நமக்கு வேண்டியவர். சர்க்கரைப் பொங்கல் தொன்னையில் தருவார். அதைச் சாப்பாடு என்று சொல்ல முடியுமா? அது சாமியுடையது. கொழுப்பு ஏறினால் சாமிக்கு ஏறட்டும்.

நெல்லையப்பன் தினமும் போனில் பேசுவார். குரல் மெலிந்துகொண்டே வந்தது. நனைந்த உடுக்கையைத் தட்டுகிற மாதிரி. ஒரு நாள் என்னிடம் கொடுக்கச் சொன்னார். "அத்தை, என் பங்கை நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது.

நல்லாத்தான் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, அடுப்படிக்குள் போகிறேன், வடிவு கஞ்சியைத் தொட்டிக்குள் கொட்டுகிறாள். சத்தம் வராமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக் கொட்டுகிறாள். எனக்கா கேட்காது? கஞ்சி விழுகிற சத்தம் வேறு, தண்ணீர் விழுகிற சத்தம் வேறு.

"என்னட்டி பண்ணுத?"

அவள் திரும்பவில்லை. "ஜாக்கெட் எல்லாம் இறுக்குதும்மா. எடை ஏறுது. குறையணும்னு சொன்னாங்க, ஏறுது."

"அது சத்து."

"அங்க அவருக்கு நாள் போகுதும்மா."

"எனக்குத் தெரியாதா?"

அப்போது திரும்பினாள். முகம் எல்லாம் ஈரம். "நான் அவருக்குக் குடுக்கக் கூடாதுன்னு நினைக்கியா?"

என்ன கேள்வி அது? பெற்ற தாயிடம் கேட்கிற கேள்வியா? "நான் எதுக்கு அப்படி நினைக்கணும்?" என்றேன். அடுப்பில் மீதி இருந்த கஞ்சியை வேறு டம்ளரில் ஊற்றினேன். "ஆறுது, குடி."

குடித்தாள். சின்ன வயதிலிருந்தே நான் டம்ளரை நீட்டினால் மறுக்கத் தெரியாது அவளுக்கு. நல்ல வளர்ப்பு.

ஆனியில் மறு ஸ்கேன். டாக்டர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. எடையும் ஏறியிருக்கிறது, ஈரல் கொழுப்பும் ஏறியிருக்கிறது, இப்போது செய்ய முடியாது என்றார். நெல்லையப்பன் நாற்காலியில் உட்கார்ந்து வடிவின் கையைத் தட்டிக்கொடுத்தார். "பரவால்லடி. நான் எங்க போயிரப் போறேன்" என்றார். ஷெர்லினைக் கூப்பிட்டுவிட்டார்கள். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். "எல்லாம் முழுதானியம்தான்" என்றேன் நான்.

மறுநாள் பிரமநாயகி வந்தாள். அவள் தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், எதையும் எடை போடாமல் வாங்க மாட்டாள். செருப்பைக் கழற்றினாள், வாங்க மதினி என்றேன். நேரே அடுப்படிக்குப் போனாள். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாள். மூடி விழுகிற சத்தம் ஒவ்வொன்றும் கன்னத்தில் அறைகிற மாதிரி இருந்தது.

"இது என்ன மதினி?"

"சத்துமாவு."

மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். "நெய் மணக்கு."

"நெய் இல்லாம எப்படி வறுக்க?"

"இது?"

"கருப்பட்டி."

"இது?"

"முந்திரி. நாலஞ்சுதான் போடுவேன்."

"என் மகனுக்கு அங்க வயித்துல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. உங்க மகளுக்கு இங்க நெய் ஏறிக்கிட்டே இருக்கு."

"விஷமா வச்சேன்? தானியம் மதினி. ஆஸ்பத்திரியிலயே குடிக்கலாம்னு சொன்னாங்க."

"படிச்சவங்கதானே நீங்க? பதிலான்னு சொன்னது உங்க காதுல மட்டும் ஏன் விழலை?"

"உங்க பிள்ளை ஊர் ஊராப் போயி பரோட்டா தின்னதுக்கு எம் பிள்ளை வயித்தைக் கிழிக்கணும். அதுக்கு நான் ஒரு டம்ளர் கஞ்சி குடுக்கக் கூடாதா?"

வாயில் வந்துவிட்டது. கோபத்தில் வருகிற பேச்சுக்கு அர்த்தம் எடுப்பார்களா? பிரமநாயகி எடுத்தாள். டப்பாவை மெதுவாக மேடையில் வைத்தாள். "அப்படிச் சொல்லுங்க. இப்பவாவது வாயைத் திறந்தீங்களே" என்றாள்.

வடிவு அறையிலிருந்து வந்தாள். தோளில் பை. எப்போது துணி எடுத்து வைத்தாளோ தெரியாது.

"வடிவு, ஏட்டி, கஞ்சி கலந்து வச்சிருக்கேன், குடிச்சிட்டுப் போ."

"அம்மா" என்றாள். அவ்வளவுதான். நாற்பது வருஷமாக அந்தச் சொல்லை எத்தனையோ ராகத்தில் கேட்டிருக்கிறேன். பசிக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று. இது எதிலும் சேரவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியை வழிவிடச் சொல்லுகிற மாதிரி இருந்தது.

அங்கே பிரமநாயகி என்ன பெரிதாகச் செய்துவிட்டாள்? அதே கம்புதான். அதே கேழ்வரகுதான். தண்ணீரில் காய்ச்சி, மோர் ஊற்றி, ஒரு டம்ளர். அதைக் குடித்தால் டிபன் கிடையாது. மத்தியானம் தட்டு நிறையச் சுரைக்காய், புடலங்காய், கீரை, ஓரத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு கொஞ்சம் குதிரைவாலி. ராத்திரி சீக்கிரமே சுண்டல். காலையும் மாலையும் மாமியாரும் மருமகளும் ரத வீதியைச் சுற்றுவார்களாம், தேர் இல்லாமலே. பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள், "உங்க மக எப்படி இளைச்சுட்டா." ஒரு நாள் அதிரசம் சுட்டுக் கொண்டுபோனேன். பிரமநாயகி வாசலிலேயே வாங்கிக்கொண்டு, எதிர்வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள், என் கண் முன்னாலேயே.

ஆடி கடைசியில் மறுபடி ஸ்கேன். கொழுப்பு குறைந்துவிட்டது. எடுக்கலாம் என்றார் டாக்டர். ஆவணியில் நாள் குறித்தார்கள். நான் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். என்னவென்று வேண்டினாய் என்று கேட்காதே. தாயார் வேண்டுதலை எல்லாம் வெளியில் சொல்லக் கூடாது.

நாளுக்கு முந்தின வாரம் நெல்லையப்பனுக்குக் காய்ச்சல் கண்டது. வயிற்று நீரில் கிருமி சேர்ந்துவிட்டதாம். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சல் நிற்கட்டும், நின்றவுடன் ஆபரேஷன் என்றார்கள். வடிவு தயாராக இருந்தாள், பக்கத்து அறையில், பச்சை அங்கி எல்லாம் அளவு பார்த்து. காய்ச்சல் நிற்கவில்லை.

துக்க வீட்டில் ஒரு பெண் என் காதில் விழும்படி யாரிடமோ சொன்னாள், "ஆனியிலயே ஸ்கேன் சரியா இருந்திருந்தா மனுஷன் பிழைச்சிருப்பார்." இருந்திருந்தால்! அந்தச் சொல்லுக்கு எலும்பே கிடையாது இசக்கி, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளையும். நான் டாக்டரையே கேட்டேன். "இந்த நோயில் எப்ப வேணும்னாலும் இப்படி ஆகலாம்மா" என்றார். பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். நான் மீதியைக் கேட்கவில்லை. பாதியே போதும்.

ஒருவராவது இதைச் சொன்னார்களா என்று பார், என் மகள் முழுசாக இருக்கிறாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஈரல் இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறதாம். அதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்? கஞ்சியை மட்டும் சொல்லுகிறார்கள். பிரமநாயகி அதுகூடச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். திட்டினால் திருப்பித் திட்டலாம். எழுந்து போகிறவளை என்ன செய்வது?

உன் பாக்கெட்டில் இரண்டு கொடு. எனக்கு எதற்கு, எனக்கு ஈரல் நன்றாகத்தான் இருக்கிறது. வடிவுக்கு. ரொம்ப இளைத்துவிட்டாள். நீ அந்த அதிரசத்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள், வழியில் பசிக்கும்.

வடிவு பிரமநாயகியோடுதான் இருக்கிறாள். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருகிறாள். அரை மணி நேரம் இருப்பாள், மாத்திரை எல்லாம் இருக்கிறதா என்று கேட்பாள். குடிக்கத் தண்ணீரை அங்கிருந்தே பாட்டிலில் கொண்டுவருகிறாள்.